ஹெபடைடிஸ் பி: தொற்று வாய்ப்பு நேர்ந்தால் செய்ய வேண்டியதும், தடுப்பூசி ரிப்போர்ட்டைப் படிக்கும் முறையும்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி பற்றிய குழப்பங்களில் பாதி, ரிசல்ட்டை மட்டும் பார்த்துத் தேதியைப் பார்க்காமல் விடுவதால் வருபவை. ஊசி குத்தியது என்றைக்கு, தடுப்பூசி போட்டது என்றைக்கு, ரத்தம் எடுத்தது என்றைக்கு என்ற மூன்றும் தெரியாமல் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற சொற்களுக்குப் பொருள் கிடையாது. அதனால் மேற்கொண்டு எதையும் செய்வதற்கு முன் இந்த மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'சின்ன வயதில் போட்டதாக ஞாபகம்' என்பதை எந்த மருத்துவரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்; எடுத்துக்கொள்ளவும் கூடாது.

எதெல்லாம் தொற்று வாய்ப்பு

இந்த வைரஸ் ரத்தத்தில்தான் மிக அதிகமாக இருக்கிறது. விந்திலும் பெண்ணுறுப்புச் சுரப்பிலும் அதைவிடக் குறைவு. எச்சிலில் இன்னும் குறைவு. உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். ரத்தக்கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே பயன்படுத்திய ஊசி குத்துவது, பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம் கண்ணிலோ வாயிலோ திறந்த புண்ணிலோ தெறிப்பது, தோல் கிழியும்படி கடிபடுவது, ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்திப் பச்சை குத்துவது ஆகிய எல்லாமே தொற்று வாய்ப்புகள்தான். வீட்டுக்குள் ஷேவிங் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைப் பகிர்வதும் அப்படியே. பலரும் மறந்துவிடும் ஒன்று, சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்தும் பேனா போன்ற கருவி. முனையிலுள்ள ஊசியை மாற்றினாலும் கருவியின் வாய்ப்பகுதியில் ரத்தம் ஒட்டியிருக்கும். அதை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல், கழிப்பறை, கொசுக்கடி ஆகியவற்றால் இது பரவாது. தொற்றுள்ளவரைத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்குவதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுமே இல்லை.

முதல் 24 மணி நேரம்

காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரால் பல நிமிடம் அலசுங்கள். காயத்தைப் பிதுக்கி ரத்தம் எடுப்பது, பிளீச் ஊற்றுவது, கத்தியால் கீறுவது எதுவும் வேண்டாம். அவை திசுவைப் புண்ணாக்குமே தவிர வைரஸை வெளியேற்றாது.

பிறகு நேரே மருத்துவமனை. அங்கே இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். யாருடைய ரத்தம் பட்டதோ அவருக்கு (இனி இவரை 'எதிராளி' என்போம்) எச்பிஎஸ்ஏஜி, அதாவது வைரஸின் மேற்பரப்புப் புரதம், பாசிட்டிவா? உங்கள் தடுப்பூசி நிலவரம் என்ன? உங்கள் ரத்தத்தையும் அன்றே எடுத்து எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் (மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்), ஆன்டி-எச்பிசி மொத்தம் (வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான எல்லா வகை எதிர்ப்புப் பொருளும்) மூன்றையும் பார்ப்பது நல்லது. இது அன்றைய சம்பவத்தால் தொற்று வந்ததா என்பதைச் சொல்லாது. அதற்கு முன்பே உங்களுக்கு இருந்ததா என்பதைச் சொல்லும். பின்னால் ஒப்பிட அதுதான் அடிப்படை.

அடுத்து என்ன என்பது தடுப்பூசி நிலவரத்தைப் பொறுத்தது.

தடுப்பூசி முழுமையாகப் போட்டு, கடைசி டோஸுக்கு 1 முதல் 2 மாதத்துக்குள் ஆன்டி-எச்பிஎஸ் அளவு 10 அல்லது அதற்கு மேல் என்று எழுத்தில் பதிவு இருந்தால், உடல் ஆரோக்கியமாக உள்ளவருக்கு ஹெபடைடிஸ் பி-க்காக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இன்று பார்க்கும்போது அளவு குறைந்திருந்தாலும் சரி. (இந்த அளவு மில்லி லிட்டருக்கு இத்தனை மில்லி சர்வதேச அலகு என்ற கணக்கு. ரிப்போர்ட்டில் வெறும் எண்ணாகத்தான் பேசுவார்கள்.)

எல்லா டோஸும் போட்டாயிற்று, அளவு மட்டும் பார்த்ததே இல்லை என்றால், மருத்துவப் பணியாளருக்கு உடனே அளவு பார்த்து முடிவெடுப்பார்கள். மற்றவர்களுக்கு, எதிராளி பாசிட்டிவ் என்று தெரிந்தால் வழக்கமாக ஒரு பூஸ்டர் டோஸ் போட்டுவிடுவார்கள்.

தடுப்பூசியே போடாதவர், அல்லது பாதியில் விட்டவர், பாசிட்டிவ் ரத்தத்தோடு தொடர்பு பட்டிருந்தால் எச்பிஐஜி என்னும் இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் இரண்டும் வேண்டும். எச்பிஐஜி என்பது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த தயார் நிலை எதிர்ப்புப் பொருள். போட்டவுடன் வேலை செய்யும், சில மாதங்களில் கரைந்துவிடும். தடுப்பூசி உங்கள் உடலையே அதைத் தயாரிக்க வைக்கும், ஆனால் அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களைக் கடத்திக்கொடுப்பதுதான் எச்பிஐஜியின் வேலை. அளவு கிலோவுக்கு 0.06 மி.லி.; 60 கிலோ எடையுள்ளவருக்கு 3.6 மி.லி. தசையில் போட வேண்டும், தடுப்பூசி போட்ட அதே இடத்தில் போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் போடுவதே சிறப்பு. ஊசிக்குத்துக்கு 7 நாளுக்குப் பிறகும், உடலுறவு வழித் தொடர்புக்கு 14 நாளுக்குப் பிறகும் பயன் இருப்பதாகச் சான்று இல்லை.

தடுப்பூசியை இரண்டு முழுச் சுற்று (ஒரு சுற்றுக்கு மூன்று டோஸ்) போட்டும் அளவு 10-ஐத் தொடாதவருக்கு மேலும் தடுப்பூசி போட்டுப் பயனில்லை. எச்பிஐஜியை ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போடுவார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, எதிராளியின் ரிப்போர்ட் வரட்டும் என்று நாள்கணக்கில் காத்திருப்பது. தடுப்பூசியின் முதல் டோஸுக்கு எந்த ரிப்போர்ட்டும் தேவையில்லை. எதிராளி நெகட்டிவ் என்று பின்னர் தெரிந்தாலும் அந்த டோஸ் வீணாகாது. இன்னொரு தவறு, ஊசிக்குத்து என்றதும் எச்ஐவியை மட்டும் நினைத்துப் பயப்படுவது. பாசிட்டிவ் ஊசி குத்தினால் எச்ஐவி பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்பு, எதிராளி எச்பிஇஏஜி (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) பாசிட்டிவாக இருந்தால், 30 சதவீதத்தைத் தாண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அதையும் ஹெபடைடிஸ் சி-யையும் அதே வருகையில் கேட்டுவிடுங்கள். ஆனால் அந்த மாத்திரை ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. அதில் பெரும்பாலும் இருக்கும் டெனோஃபோவிர் இரண்டு வைரஸ்களையும் தாக்கக்கூடியது. ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவர் தெரியாமல் 28 நாள் சாப்பிட்டு நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பலாம். முதல் நாளே எச்பிஎஸ்ஏஜி பார்க்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

காத்திருக்கும் ஆறு மாதம்

வைரஸ் உள்ளே போனால் எச்பிஎஸ்ஏஜி ரத்தத்தில் தெரிய 1 முதல் 10 வாரம் ஆகும். நோய்க்குறி தோன்றினால் சராசரியாக மூன்று மாதம் கழித்து. 6 மாதம் வரைகூட ஆகலாம். எனவே மூன்றாம் நாள் எடுத்த 'நெகட்டிவ்' நிம்மதிக்கு உரியதே அல்ல. முடிவாகச் சொல்லும் பரிசோதனை 6 மாதம் முடிந்ததும் எடுக்கும் எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி-எச்பிசியும்தான். வாரம் ஒருமுறை லேபுக்கு ஓடுவதில் பயனில்லை. நடுவில் கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறமாவது, விடாத அசதி, குமட்டல், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி போன்றவை வந்தால் காத்திருக்க வேண்டாம். ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி), எச்பிஎஸ்ஏஜி, ஐஜிஎம் ஆன்டி-எச்பிசி (புதிய தொற்றில் தோன்றும் வகை) மூன்றையும் உடனே பாருங்கள். நோய்க்குறியே இல்லாமல் தொற்று வந்து போவதும் உண்டு என்பதால், நலமாக இருந்தாலும் 6 மாதப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள்.

இந்தக் காலத்தில் ரத்தம், விந்து, உறுப்பு தானம் செய்யக் கூடாது. உடனே தடுப்பு எடுத்துக்கொண்டவர் தாம்பத்தியத்தையோ தாய்ப்பாலையோ நிறுத்த வேண்டியதில்லை. துணைவருக்குத் தடுப்பூசி இல்லையென்றால் அவருக்கும் இப்போதே தொடங்கிவிடுவது எல்லா வகையிலும் நல்லது. அது முடியும்வரை ஆணுறை பயன்படுத்தலாம்.

இந்த ஆறு மாதத்தில் தேதி பார்க்காமல் ஏமாறும் இடங்கள் இரண்டு. தடுப்பூசியில் இருப்பதே எச்பிஎஸ்ஏஜி என்ற அந்தப் புரதம்தான். போட்டு முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் எச்பிஎஸ்ஏஜி பரிசோதித்தால், ஊசியில் போன புரதத்தையே இயந்திரம் கண்டுபிடித்துப் 'பாசிட்டிவ்' என்று சொல்லக்கூடும். இரண்டாவது, எச்பிஐஜி போட்டவருக்கு ஆன்டி-எச்பிஎஸ் அளவு உடனே உயர்ந்து காணும். அது இரவல் பாதுகாப்பு. தடுப்பூசி உங்களுக்குப் பலித்ததா என்று அறிய, எச்பிஐஜி போட்டு 6 மாதம் கழித்தே அளவு பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தடுப்பூசியில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மட்டுமே உண்டு, உட்கருப் புரதம் கிடையாது. அதனால் உட்கருவுக்கு எதிரான ஆன்டி-எச்பிசி தடுப்பூசியால் ஒருபோதும் உருவாகாது. அது பாசிட்டிவ் என்றால், எப்போதோ உண்மையான வைரஸ் உடலுக்குள் வந்திருக்கிறது (அல்லது பரிசோதனை தவறு, அல்லது அண்மையில் போட்ட எச்பிஐஜியிலிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்). 'பாதுகாப்பு இருக்கிறதா' என்று பார்க்க ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் எடுப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

- எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ், ஆன்டி-எச்பிசி மூன்றும் நெகட்டிவ்: தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தடுப்பூசி போடுங்கள்.
- ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ்: தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு.
- ஆன்டி-எச்பிஎஸ், ஆன்டி-எச்பிசி இரண்டும் பாசிட்டிவ், எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ்: தொற்று வந்து அடங்கியிருக்கிறது. பாதுகாப்பு உண்டு. ஆனாலும் வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும்.
- எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி இரண்டும் பாசிட்டிவ்: இப்போது தொற்று இருக்கிறது. ஐஜிஎம் வகையும் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் புதிய தொற்று. 6 மாதத்துக்கு மேல் எச்பிஎஸ்ஏஜி நீடித்தால் நாள்பட்டது.
- ஆன்டி-எச்பிசி மட்டும் பாசிட்டிவ்: இதுதான் தலைவலி.

அந்தக் கடைசி நிலைக்கு நான்கு விளக்கம் இருக்கலாம். பழைய தொற்று அடங்கி, காலப்போக்கில் ஆன்டி-எச்பிஎஸ் குறைந்திருக்கலாம். பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டியிருக்கலாம். எச்பிஎஸ்ஏஜி அளவு கண்ணுக்குச் சிக்காத அளவு குறைந்து மறைந்திருக்கும் தொற்றாக இருக்கலாம். அல்லது, புதிய தொற்று ஆறும் கட்டத்தில் எச்பிஎஸ்ஏஜி மறைந்து ஆன்டி-எச்பிஎஸ் இன்னும் தோன்றாத சில வார இடைவெளியில் ரத்தம் எடுத்திருக்கலாம். பரிசோதனையைத் திரும்பச் செய்து, ஐஜிஎம்மும் எச்பிவி டிஎன்ஏவும் (ரத்தத்திலுள்ள வைரஸின் மரபுப்பொருள்) பார்த்தால் பெரும்பாலும் எது என்று பிடிபடும். இதைப் பார்த்தவுடன் 'உங்களுக்கு ஹெபடைடிஸ் பி' என்று சொல்வதும் தவறு, 'ஒன்றுமில்லை' என்று தள்ளிவிடுவதும் தவறு.

தடுப்பூசி: அட்டவணையும் சறுக்கும் இடங்களும்

வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். 1981-இல் வந்த முதல் தடுப்பூசி தொற்றுள்ளவர்களின் ரத்தப் பிளாஸ்மாவைச் சுத்திகரித்துச் செய்தது. 1986 முதல் ஈஸ்ட் செல்லில் புரதத்தை வளர்க்கும் முறை வந்துவிட்டது. உயிருள்ள வைரஸ் அதில் இல்லாததால் தடுப்பூசியால் நோய் வராது, கர்ப்பிணிகளும் போடலாம்.

இடைவெளிகளுக்குக் கீழ்வரம்பு உண்டு. முதல் இரண்டுக்கும் நடுவே 4 வாரம், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 8 வாரம், முதலுக்கும் மூன்றாவதற்கும் நடுவே 16 வாரம். (பச்சிளம் குழந்தைக்குக் கடைசி டோஸ் 24 வாரம் ஆகும் முன் கூடாது.) இதைவிட நெருக்கிப் போட்டது செல்லாது. தள்ளிப்போனால்? ஒன்றும் கெடவில்லை. முதல் டோஸ் போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தாலும் இரண்டாவதிலிருந்து தொடருங்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வது தேவையற்ற வேலை.

பெரியவர்களுக்கு மேற்கையின் டெல்டாய்டு தசையில், குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போட வேண்டும். புட்டத்தில் போடக் கூடாது. அங்கே மருந்து தசையை எட்டாமல் கொழுப்பில் தங்கிவிடுவதால் எதிர்ப்பு சரியாக உருவாகாது. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையவே கூடாது. சூட்டைவிடக் குளிர்தான் இதற்கு எதிரி: உறைந்து உருகிய மருந்தும் பார்க்க வழக்கம்போலக் கலங்கலாகவே இருக்கும், ஆனால் வீரியம் போயிருக்கும்.

கடைசி டோஸுக்குப் பிறகு எல்லோரும் அளவு பார்க்க வேண்டியதில்லை. மருத்துவப் பணியாளர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், பாசிட்டிவ் உள்ளவரின் துணைவர், பாசிட்டிவ் தாயின் குழந்தை ஆகியோருக்குக் கட்டாயம் வேண்டும். பார்க்க வேண்டிய நேரம் 1 முதல் 2 மாதத்துக்குள். பத்து வருடம் கழித்துப் பார்த்து 4 என்று வந்தால், தடுப்பூசி பலித்துப் பின்னர் அளவு குறைந்ததா, முதலிலேயே பலிக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நிலையில் ஒரு டோஸ் போட்டு ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அளவு 10-ஐத் தாண்டி எழுந்தால் பழைய நினைவு இருக்கிறது என்று தெளிவாகும்.

அளவு குறைவது இயல்பு. முதல் வருடத்தில் வேகமாக இறங்கும், பிறகு மெல்ல. ஆனால் நினைவுச் செல்கள் எஞ்சியிருக்கும். இந்த வைரஸுக்கு நோயை உண்டாக்க வாரக்கணக்கில் ஆவதால், அவை விழித்துப் புது எதிர்ப்புப் பொருள் தயாரிக்க அவகாசம் கிடைத்துவிடுகிறது. குறைந்தது 30 வருடம் பாதுகாப்பு நிற்பது காணப்பட்டிருக்கிறது. ஆகவே, ஒருமுறை பலித்துவிட்ட ஆரோக்கியமானவர் ஐந்து வருடத்துக்கு ஒரு பூஸ்டர் போட வேண்டும் என்ற அறிவுரைக்கு அடிப்படை இல்லை. 1000 என்று வந்தவர் 50 என்று வந்தவரைவிடப் பத்திரம் என்று எண்ணவும் வேண்டாம். டயாலிசிஸ் செய்பவர்கள் விதிவிலக்கு: அவர்களுக்கு இரட்டிப்பு அளவு மருந்து, வருடம் ஒருமுறை பரிசோதனை, 10-க்குக் கீழே போனால் பூஸ்டர்.

10-ஐத் தொடவே இல்லையென்றால்? வயது 40-ஐத் தாண்டியது, உடல் பருமன், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, எச்ஐவி, மரபுக் காரணம் எல்லாம் எதிர்ப்பைக் குறைக்கும். முதலில் இடைவெளி, ஊசி போட்ட இடம், மருந்து வைத்திருந்த விதம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அடுத்து எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி-எச்பிசியும் பாருங்கள். ஏற்கெனவே தொற்று இருப்பவருக்கு எத்தனை டோஸ் போட்டாலும் ஆன்டி-எச்பிஎஸ் வராது. இந்தப் படியைத் தாண்டி நேரே அடுத்த சுற்றுக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. நெகட்டிவ் என்று உறுதியானால் இரண்டாவது சுற்று போட்டு மறுபடி அளவு பாருங்கள். கணிசமானவர்களுக்கு இதில் பலித்துவிடும்.

பாசிட்டிவ் தாய், பிறந்த குழந்தை

தொற்று நாள்பட்டதாக மாறுவது வயதைப் பொறுத்தது. பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம். எந்தக் குழந்தைக்கும் முதல் டோஸ் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாய் பாசிட்டிவ் என்றால் 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் எச்பிஐஜி 0.5 மி.லி. தாயின் டிஎன்ஏ அளவு மி.லி.க்கு 2,00,000 அலகைத் தாண்டினால், கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர் கொடுப்பார்கள். 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்குப் பிறந்தவுடன் போட்ட டோஸ் கணக்கில் சேராது. மேலும் மூன்று வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

குழந்தைக்கு 9 முதல் 12 மாத வயதில் எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி-எச்பிஎஸ்ஸும் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் எச்பிஐஜியின் மிச்சம் குழப்பும். ஆன்டி-எச்பிசி கேட்காதீர்கள். அது தாயிடமிருந்து வந்து 2 வயதுவரைகூட நிற்கும், வீண் பயத்தைத்தான் கிளப்பும்.

பாசிட்டிவ் என்று உறுதியானால்

எச்பிஎஸ்ஏஜி 6 மாதம் தாண்டியும் இருந்தால் ஏஎல்டி, எச்பிஇஏஜி, டிஎன்ஏ அளவு, கல்லீரல் ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்த பிறகே மருந்தா, கண்காணிப்பா என்பது முடிவாகும். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. ஆனால் எல்லோருக்கும் கண்காணிப்பு தேவை, பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை. டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் வைரஸை அடக்குபவை. பெரும்பாலும் வேரறுப்பவை அல்ல. 'ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டது' என்று சொந்தமாக நிறுத்தினால் வைரஸ் பாய்ந்து எழுந்து கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். இந்த வைரஸ், கல்லீரல் சுருங்குவதற்கு முன்பேகூடப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதனால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். மது வேண்டாம். கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் மூலிகைக் கலவைகளும் வேண்டாம். அவற்றில் சில கல்லீரலையே தாக்கும். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை, தேவையானவர்களுக்குத் தடுப்பூசி. ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துடைத்தெடுத்துவிட்டு, 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். துடைக்காமல் நேரே ஊற்றினால் ரத்தமே பிளீச்சின் வீரியத்தைத் தின்றுவிடும். கலவையை அன்றன்று புதிதாகக் கரையுங்கள்.

தொற்று அடங்கியவர்கள், அதாவது எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்டி-எச்பிசி பாசிட்டிவ் உள்ளவர்கள், அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீமோதெரபி, அதிக அளவு ஸ்டீராய்டு, உறுப்பு மாற்று சிகிச்சை, ரிட்டுக்ஸிமாப் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, ஹெபடைடிஸ் சி-க்கான மாத்திரை ஆகிய எதைத் தொடங்கும் முன்னும் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். உறங்கும் வைரஸ் அப்போதுதான் விழிக்கும். ரிட்டுக்ஸிமாப் எடுப்பவர்களுக்குத் தடுப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கி, சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதம் தொடர்வார்கள். மாத்திரையை நிறுத்திய பின்னும் சில மாதங்களுக்கு ஏஎல்டியும் டிஎன்ஏவும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.